போதும் என்று சொல்லாத தோழன்

'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பது நம் நாட்டுப் பழமொழி. தாய் குழந்தைக்குச் சொல்கிறாள். ஆசிரியர் மாணவனுக்குச் சொல்கிறார். புதிதாக வியாபாரம் தொடங்கும் இளைஞனுக்குப் பெரியவர்கள் சொல்கிறார்கள். ஆனால் இந்தப் பழமொழியைக் கேட்டு அறிய இயலாத தோழன் ஒருவன் நம் வீட்டு வாசலிலே படுத்திருக்கிறான். நாம் ஆற்றங்கரைக்குப் போனால் அவனும் உடன் வருகிறான். நாம் ஒரு குச்சியை நீரில் எறிந்தால், ஆழமும் பாராமல், இழுப்பும் பாராமல் பாய்ந்துவிடுகிறான். அவனுக்காக ஆழம் பார்க்க வேண்டியவர்கள் நாம்தாம். நீரிலே ஆடும் நாயை எவ்வாறு காப்பது என்பதே இன்று நான் உங்களுடன் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

"இதுவும் ஒரு பொருளா? நாய்க்கு நீந்தத் தெரியாதா?" என்று உங்களுள் சிலர் கேட்கலாம். ஒரு காலத்தில் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். எங்கள் வீட்டில் மணி என்று ஒரு நாய் இருந்தது. செம்பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்தும் மற்றொரு காது மடிந்தும் இருக்கும். கோடை விடுமுறையில் ஒரு நாள் நாங்கள் நண்பர்கள் நால்வர் மணியை அழைத்துக்கொண்டு ஏரிக்குப் போனோம். உலர்ந்த தேங்காய் மட்டைத் துண்டு ஒன்றை நீரில் எறிவோம். மணி பாய்ந்து சென்று கவ்விக்கொண்டு வரும். யார் எறிவது நெடுந்தூரம் போகிறது என்று எங்களுக்குள் போட்டி. எத்தனை முறை எறிந்தோம் என்று யாரும் எண்ணவில்லை. நண்பகலுக்குப் பின் தொடங்கிய ஆட்டம் பொழுது சாயும்வரை நடந்தது. மணி ஒரு முறைகூட மறுக்கவில்லை. மட்டையை எங்கள் காலடியில் போட்டுவிட்டு, மறுபடி எப்போது எறிவோம் என்று எங்கள் கையையே பார்த்துக்கொண்டு நின்றது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அதன் கால்கள் தடுமாறின. வாயிலிருந்து நீர் வடிந்தது. வயிறு உப்பியிருந்தது. திண்ணையோரத்தில் படுத்துத் தண்ணீராகவே வாந்தி எடுத்தது. இரவில் கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. விடிவதற்கு முன் உயிர் போய்விட்டது. ஏரிக்கரையில் பாம்பு தீண்டியிருக்கும் என்றார் என் தந்தையார். வீட்டில் எல்லோரும் அதையே சொன்னார்கள். நானும் நம்பினேன்.

பல ஆண்டுகள் கழித்துக் கால்நடை மருத்துவ நூல் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பக்கத்தில் மணியின் கடைசி மாலைப்பொழுது அப்படியே எழுதியிருக்கக் கண்டேன். அதைக் கொன்றது பாம்பு அன்று, தண்ணீர். நீரில் மூழ்காமல், நலமாகக் கரையேறிய பிறகு, உலர்ந்த தரையில் படுத்து, அது தண்ணீரால் மாண்டது. அஃது எவ்வாறு என்பதைச் சற்றுப் பின்னர்ச் சொல்கிறேன். அதற்கு முன் நாய்க்கும் நீருக்கும் உள்ள உறவைச் சிறிது பார்ப்போம்.

நாய்கள் எல்லாம் நீந்துமா? நீரில் விழுந்த நாய் கால்களை அடித்துக்கொள்ளும். அது பிறவி இயல்பு. ஆனால் கால்களை அடிப்பது வேறு. நீந்திக் கரைசேர்வது வேறு. நாய் தரையில் துள்ளி நடக்கும்போது வலது முன்னங்காலையும் இடது பின்னங்காலையும் ஏறத்தாழ ஒன்றாக எடுத்து வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீரிலும் அது பெரும்பாலும் அவ்வாறே கால்களை இயக்குகிறது. தரையில் ஓடுவதற்கென அமைந்த உடல், நீரிலும் ஓடியே பார்க்கிறது. ஆகையால் உடலின் அமைப்பு எப்படியோ, நீச்சலும் அப்படியே.

கனடா நாட்டின் கிழக்கே அட்லாண்டிக் கடலில் நியூஃபவுண்ட்லாந்து என்னும் தீவு இருக்கிறது. அங்குள்ள மீனவர்கள் வளர்த்த பெருநாய் அத்தீவின் பெயரையே தன் பெயராகப் பெற்றது. அதன் விரல்களுக்கு இடையே உள்ள சவ்வு மற்ற நாய்களுக்கு இருப்பதைவிட அகன்றது. எண்ணெய்ப் பசையோடு கூடிய இரட்டை மயிர்ப்போர்வை நீரை எளிதில் தோலுக்கு விடுவதில்லை. வலையை இழுப்பதும், கயிற்று நுனியைக் கவ்விக் கரைக்குக் கொண்டுவருவதும் அதன் தொழில். இன்று நம் நகரங்களில் பலர் வளர்க்கும் லாப்ரடார் நாயின் முன்னோரும் அத்தீவின் மீனவர் நாய்களே.

இனி நம் நாட்டு நாய்களைப் பாருங்கள். இராசபாளையம் நாய், சிப்பிப்பாறை நாய், கன்னி நாய் ஆகியவை வேட்டைக்கும் காவலுக்கும் புகழ்பெற்றவை. 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை நாய்களுக்கென்று வெளியிட்ட நான்கு தபால் தலைகளுள் ஒன்றில் இராசபாளையம் நாய் இடம்பெற்றது. இவை வெட்டவெளியில் காற்றாய்ப் பறக்க அமைந்தவை. நீண்ட கால், ஒட்டிய வயிறு, குட்டை மயிர், மிகக் குறைந்த கொழுப்பு. மிதப்பதற்குக் கொழுப்பு உதவும். அஃது இவற்றிடம் இல்லை. குளிரைத் தடுக்க அடர்ந்த மயிர் உதவும், அதுவும் இல்லை. நாயின் உடல் வெப்பம் நம்முடையதைவிடச் சற்று மிகுதி. ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். நீரோ காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே உதகையிலோ கொடைக்கானலிலோ உள்ள குளிர்ந்த நீரில் இத்தகைய ஒல்லி நாய் மிக விரைவில் நடுங்கத் தொடங்கும். நடுங்கும் தசை நீந்தாது.

தட்டை முகமும் குறுங்கால்களும் உடைய பக், புல்டாக் போன்றவை இன்னும் இரங்கத் தக்கவை. மூக்கு நீருக்கு மேலே நிற்பதற்காக அவை தலையை மிகவும் அண்ணாந்து தூக்க வேண்டும். தலை உயர்ந்தால் பின்னுடல் தாழும். தாழ்ந்தால் உடல் செங்குத்தாகும். செங்குத்தான உடல் மூழ்கும். தமிழில் 'நீர்நாய்' என்பது மீன் பிடித்து உண்ணும் வேறொரு விலங்கின் பெயர். நம் வீட்டு நாய் நீர்நாய் அன்று என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

நன்றாக நீந்தும் நாயின் முதுகு நீரின் மட்டத்தோடு மட்டமாக இருக்கும், முன்னங்கால்கள் நீருக்குள்ளேயே இயங்கும், ஓசை இராது. களைத்த நாயின் பின்னுடல் தாழும்; முன்னங்கால்கள் நீருக்கு வெளியே வந்து சளார் சளார் என்று அடிக்கும்; கண்கள் அகன்று விழிக்கும். கரையில் நிற்பவர்கள் அதைக் கண்டு "எவ்வளவு மகிழ்ச்சியாக நீரை அடிக்கிறது!" என்று கைதட்டுவதும் உண்டு. அது மகிழ்ச்சி அன்று, அபாயம்.

அடுத்து, இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாய் நீரில் இறங்கும் வழியைவிட, அது நீரிலிருந்து ஏறும் வழியே முக்கியம். கமலை ஏற்றம் இறைத்த காலத்திலிருந்து நம் ஊர்களில் இருந்துவரும் பாசனக் கிணறுகளை நினைத்துப் பாருங்கள். பாறையை வெட்டி எடுத்த செங்குத்தான சுவர். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கற்களே படி. மனிதன் கையால் பற்றி, காலால் ஊன்றி ஏறிவிடுவான். நாய்க்கு அது படியே அன்று. கிணற்றில் விழுந்த நாய் சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி நீந்தும், பாசி படிந்த கல்லில் நகம் வழுக்கும், வலிமை உள்ளவரை சுற்றும், பிறகு மூழ்கும். நீச்சல் தெரியாமல் மூழ்குவதில்லை; ஏற வழியில்லாமல் மூழ்குகிறது. தரைமட்டக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் எழுப்புவது மக்களுக்கும் மாட்டுக்கும் நாய்க்கும் ஒருங்கே செய்யும் அறம். சரிவான படித்துறை உள்ள குளம், மணல் தாழ்ந்து செல்லும் ஆற்றங்கரை இவையே நாய் இறங்கத் தக்க இடங்கள்.

ஏரியிலும் குளத்திலும் ஆகாயத்தாமரை பாய் விரித்ததுபோல் படர்ந்திருக்கும். நாய் அதைத் தரை என்று எண்ணிக் கால் வைத்துவிடும்; உள்ளே சென்றபின் வேரும் தண்டும் காலைச் சுற்றிக்கொள்ளும். மதகின் அருகே நீரின் மேற்பரப்பு அமைதியாகத் தோன்றினாலும் அடியில் இழுப்பு இருக்கும். ஆற்றில் மணல் அள்ளிய குழிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. நேற்று வறண்டிருந்த ஆறு இன்று வறண்டிருக்கும் என்பதற்கும் உறுதி இல்லை. காவிரிப் பாசனத்துக்காக மேட்டூர் அணை திறக்கும் நாள் சூன் 12 என்பது நெடுநாளைய வழக்கம். நீர் இருப்பைப் பொறுத்து அது முன்னும் பின்னும் ஆவதுண்டு. அணை திறக்கும் செய்தியை உழவர் மட்டும் அல்லர், ஆற்று மணலில் நாயை ஓடவிடுவோரும் கேட்டிருக்க வேண்டும்.

கடலில் வேறொரு தொல்லை. கரையில் மோதிய அலைநீர் சில இடங்களில் ஒன்றுதிரண்டு, ஓர் ஓடைபோலக் கடலை நோக்கித் திரும்பி ஓடும். அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி நேரே நீந்தினால் களைத்துப் போவர். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அந்த ஓட்டத்தை விட்டு விலகிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். நாய்க்கு இந்த உபாயம் தெரியாது. நாம் எங்கிருந்து கூப்பிடுகிறோமோ அங்கு நோக்கி நேரே நீந்தும். ஆகையால் நாம் செய்யத்தக்கது ஒன்று உண்டு. நின்ற இடத்திலேயே நின்று கூவாமல், கரையோரமாகப் பக்கவாட்டில் ஓடி, இழுப்பு இல்லாத இடத்தில் நின்று கூப்பிட வேண்டும். ஆற்றிலும் அப்படியே; நீரோட்டம் செல்லும் திசையில் முன்னே ஓடி, ஏறுவதற்கு எளிய துறையில் நின்று பெயர் சொல்லி அழைக்க வேண்டும். நம் குரலே அதற்குக் கயிறு. குரல் நிற்கும் இடத்துக்கு அது வந்து சேரும்.

இங்கே ஒரு குறிப்பு. வெண்ணிற நாய்களுள் சில பிறவியிலேயே செவிடாக இருக்கும். இராசபாளையம் நாய்களிலும் இக்குறை காணப்படுகிறது. காது கேளாத நாய்க்கு நம் குரல் என்னும் கயிறு இல்லை. ஆதலால் அத்தகைய நாயை உண்மையான கயிற்றில் கட்டாமல் நீரருகே விடலாகாது. முதுகுக்குப் பின்னால் கைதட்டிப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

இப்போது மணியின் கதைக்கு வருகிறேன். நீரில் மிதக்கும் பொருளைக் கவ்வ நாய் வாயைத் திறக்க வேண்டும். திறக்கும்போதெல்லாம் சிறிது நீர் உள்ளே போகிறது. ஒரு முறைக்கு அது பெரிதன்று. நூறு முறை என்றால்? உள்ளே சென்ற நீர் குருதியில் கலக்கிறது. அதை அவ்வளவு விரைவாகச் சிறுநீரகங்களால் வெளியேற்ற முடிவதில்லை. நல்ல குழம்பில் குடம் நீரை ஊற்றினால் உப்பு நீர்த்துப் போவதுபோல், குருதியிலுள்ள சோடியம் நீர்த்துப் போகிறது. குருதியில் உப்பு குறைந்து, உயிரணுக்களுக்குள் உப்பு மிகுந்திருந்தால், நீர் உயிரணுக்களுக்குள் புகும். அணுக்கள் வீங்கும். உடலின் மற்ற இடங்களில் வீக்கத்துக்கு இடம் உண்டு. மூளையைச் சுற்றி மண்டையோடு இருக்கிறது. அங்கே வீங்க இடம் இல்லை. அதனால் தள்ளாட்டம், வாய்நீர், வாந்தி, விரிந்த கண்மணி, வலிப்பு, நினைவிழப்பு, மரணம். இவையெல்லாம் சில மணி நேரத்துக்குள் நடந்துவிடலாம். சிறிய நாயாக இருந்தால் இன்னும் குறைந்த நீரே போதும். கடிக்க வசதியாக இருக்கிறது என்று ரப்பர்க் குழாயின் நீர்த்தாரையை விளையாட்டாக வாயில் பீய்ச்சுவதும் இதே கேட்டைத் தரும்.

இந்நோயின் அறிகுறியைக் கண்டவுடன் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். "விளையாடிய களைப்பு, தூங்கினால் சரியாகிவிடும்" என்று இருந்துவிடலாகாது. குருதியின் உப்பை அளவறிந்து, மெதுவாக உயர்த்தும் சிகிச்சை மருத்துவரால் மட்டுமே ஆவது. வீட்டில் உப்புக் கரைத்து ஊற்றுவது தீங்காய் முடியும். வருமுன் காப்பதோ மிக எளிது. பத்து நிமிடம் ஆடினால், பத்து நிமிடம் கரையில் நிழலில் இருத்துக. பந்தைப் போன்ற உருண்டைப் பொருளைக் கவ்வ வாயை அகலத் திறக்க வேண்டும். தட்டையாக மிதக்கும் பொருளுக்கு அவ்வளவு வேண்டாம். ஆதலின் தட்டையான, தொண்டைக்குள் போகாத அளவு பெரிய பொருளை எறிக. கூர்மையான குச்சி வாயையும் தொண்டையையும் கிழித்துவிடும். அதனை அறவே விடுக.

கடல் நீரால் வரும் கேடு இதற்கு நேர் எதிரானது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. தாகத்தால் நாய் அதைக் குடித்துவிட்டால் குருதியில் உப்பு மிகுந்து, உயிரணுக்களிலுள்ள நீர் வெளியே இழுக்கப்படும், அவை சுருங்கும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் நடுக்கமும் வலிப்பும் தொடரும். கடற்கரைக்குச் செல்லும்போது ஒரு குப்பியில் நல்ல நீரும், ஒரு சிறு கிண்ணமும் எடுத்துச் சென்று அடிக்கடி கொடுத்தால் இந்தத் துன்பம் இல்லை. நண்பகல் மணல் நாயின் உள்ளங்காலைச் சுட்டுவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. உங்கள் புறங்கையை மணலில் வைத்துப் பாருங்கள்; உங்களால் பொறுக்க முடியவில்லை என்றால் அதனாலும் முடியாது.

நீரின் ஆழமும் இழுப்பும் அன்றி, நீருக்குள் இருக்கும் நஞ்சும் உண்டு. கோடையில் தேங்கிய குளத்தில், உரமும் கழிவும் வந்து சேருமிடத்தில், பச்சை வண்ணத்தைக் கொட்டிக் கலக்கியதுபோல் ஒரு படலம் தோன்றும். அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதன் சில இனங்கள் ஈரலை அழிக்கும் நஞ்சையும், சில இனங்கள் நரம்பைத் தாக்கும் நஞ்சையும் உண்டாக்குகின்றன. 1878-ஆம் ஆண்டில் ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் ஒரு செய்தி வெளியிட்டார். தென் ஆஸ்திரேலியாவில் உள்ள அலெக்சாண்டிரினா ஏரியில் இத்தகைய பாசி படர்ந்தது. அந்நீரைக் குடித்த ஆடுகளும் குதிரைகளும் பன்றிகளும் நாய்களும் சில மணி நேரத்தில் மடிந்தன. பாசிநஞ்சைப் பற்றி அறிவியல் உலகுக்குக் கிடைத்த முதற் செய்தி அதுவே என்று கருதுகிறார்கள். பச்சையெல்லாம் நஞ்சல்ல, ஆனால் எது நஞ்சு என்பதைக் கண்ணால் பிரித்தறிய இயலாது. ஆதலால் பச்சைப் படலம் கண்ட குளத்தில் நாயை இறக்காமல் இருப்பதே அறிவுடைமை. தவறி இறங்கிவிட்டால், அது தன் மயிரை நக்குவதற்கு முன் நல்ல நீரால் கழுவிவிட வேண்டும்.

மழைக்காலத்துத் தேங்கல் நீரில் மற்றொரு பகை உண்டு. எலியின் சிறுநீரோடு வெளிவரும் லெப்டோஸ்பைரா என்னும் நுண்ணுயிர் ஈரத்தில் நெடுநாள் வாழும். தோலிலுள்ள சிறு காயத்தின் வழியாகவோ கண், மூக்கு, வாய் இவற்றின் வழியாகவோ உள்ளே புகுந்து சிறுநீரகத்தையும் ஈரலையும் கெடுக்கும். நாம் எலிக்காய்ச்சல் என்று வழங்குவது இதனையே. இது நாய்க்கும் வரும். நாயின் சிறுநீர் வழியாக மனிதருக்கும் வரும். நாய்க்கு இதற்கான தடுப்பூசி இருக்கிறது. ஆண்டுதோறும் போட வேண்டும். நாயைக் காப்பது நம்மையும் காப்பதாக அமையும் இடங்களுள் இஃது ஒன்று.

நாய்க்கு நீரைப் பழக்குவது எப்படி? எங்கள் ஊர்ப் பிள்ளைகள் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் கற்றார்கள். நாய்க்கும் அப்படி ஒரு சுரைக்குடுக்கை இப்போது கடைகளில் கிடைக்கிறது. அதுதான் மிதவைச் சட்டை. அதன் முதுகில் ஒரு கைப்பிடி இருக்கும். ஆபத்தில் பற்றித் தூக்க உதவும். அதை அணிவித்து, மார்பளவுகூட இல்லாத நீரில், நீங்களும் உடன் நின்று, நாய் தானாகவே முன்வரும்வரை காத்திருங்கள். தூக்கி நீரில் எறிந்தால் கற்றுக்கொள்ளும் என்பது கொடுமை. அப்படி எறியப்பட்ட நாய் கற்பது நீச்சல் அன்று, அச்சம். கழுத்தை இறுக்கும் பட்டையோ நீளச் சங்கிலியோ நீருக்குள் வேண்டாம். கிளையிலும் கல்லிலும் மாட்டிக்கொள்ளும். கயிறு தேவையான நாய்க்கு அதை மிதவைச் சட்டையில் கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். ஏறும் வழி எது என்பதைப் பல முறை ஏற்றி இறக்கிக் காட்டுங்கள். "வா" என்றால் வரவேண்டும் என்பதைத் தரையிலே கற்றுக்கொள்ளாத நாய், நீரிலே கற்றுக்கொள்ளாது.

ஆட்டம் முடிந்தபின் நல்ல நீரால் குளிப்பாட்டித் துடைக்க வேண்டும். காதின் உட்புறத்தை மெல்லிய துணியால் ஒற்றி உலர்த்துக. மடிந்த காதுக்குள் ஈரம் தங்கினால் புண் உண்டாகும். அளவுக்கு மிஞ்சி நீந்திய நாய்க்கு, சிறப்பாகக் குளிர்ந்த நீரில் நீந்திய நாய்க்கு, மறுநாள் வால் உயிரற்றதுபோல் தொங்குவதுண்டு. எலும்பு முறிந்ததோ என்று அஞ்ச வேண்டாம். பெரும்பாலும் வாலடித் தசையின் நோவே அது. சில நாள் ஓய்வில் நீங்கும். எனினும் மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்வது நன்று.

இவ்வளவு காத்தும் ஒரு நாள் ஆபத்து நேர்ந்தால் என்ன செய்வது? மாணவ நண்பர்களே, இதை மட்டுமாவது மறவாமல் கேளுங்கள். நாயைக் காப்பதற்காக நீங்கள் குதித்துவிடாதீர்கள். நாயைத் தொடர்ந்து நீரில் இறங்கிய மனிதன் திரும்பாமல், நாய் மட்டும் தானே கரையேறி நின்ற துயரச் செய்திகள் பல நாடுகளிலிருந்தும் வந்திருக்கின்றன. முதலில் குரல் கொடுங்கள். பிறகு கயிறோ கழியோ நீட்டுங்கள். மிதக்கக்கூடிய பொருள் எதையேனும் அதன் அருகே எறியுங்கள். கிணறானால், மூடிய வெற்றுப் பிளாஸ்டிக் குடமோ வாழைமரத் துண்டோ நாய் முன்னங்கால் போட்டு இளைப்பாற உதவும். பாழ்கிணற்றில் நச்சுக் காற்று தங்கியிருக்கும். யாரும் இறங்கக் கூடாது. தீயணைப்பு நிலையத்துக்கு 101 என்ற எண்ணில் செய்தி சொல்லுங்கள். கிணற்றில் விழுந்த நாயையும் மாட்டையும் மீட்பது அவர்கள் பலமுறை செய்துவரும் பணி. அச்சத்திலுள்ள நாய் தன்னைக் காப்பவரையே கடித்துவிடக்கூடும். கடித்தால், வெறிநோய்க்கு அஞ்சி, சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கரைக்குக் கொண்டுவந்த நாய் நினைவின்றிக் கிடந்தால், ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, கழுத்தை நீட்டி, நாக்கை முன்னே இழுத்து, வாயில் உள்ளதை அகற்றுங்கள். பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுழற்ற வேண்டாம். மூச்சு இல்லையென்றால், கால்நடை அவசர மருத்துவ வல்லுநர்கள் 2012-இல் வகுத்து 2024-இல் புதுப்பித்த முறை ஒன்று இருக்கிறது. மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை என்ற வேகத்தில் 30 முறை அழுத்த வேண்டும். பிறகு நாயின் வாயை மூடிப் பிடித்துக்கொண்டு, அதன் மூக்கின் வழியாக, மார்பு உயரும் அளவுக்கு 2 முறை ஊத வேண்டும். மீண்டும் 30, மீண்டும் 2. இதைச் செய்துகொண்டே மருத்துவரிடம் விரைய வேண்டும். நாய் எழுந்து வாலை ஆட்டிவிட்டாலும் மருத்துவரிடம் காட்டத் தவறாதீர்கள். நுரையீரலுக்குள் சென்ற நீர், பல மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறலை உண்டாக்கவல்லது.

யானையின் நட்பைவிட நாயின் நட்பை உயர்த்திச் சொல்கிறது நாலடியார். அந்த நட்பின் உயர்வே நாய்க்கு ஆபத்தாகவும் முடிகிறது. குழந்தை களைத்தால் அழும். மாடு களைத்தால் படுத்துவிடும். நண்பன் களைத்தால் "நாளைக்கு ஆடலாம்" என்பான். நாயோ, நம் கை ஓங்கியிருக்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். அதன் ஆற்றலுக்கு எல்லை உண்டு; அன்புக்கு எல்லை இல்லை. ஆகவே எல்லையை நாம்தாம் வகுக்க வேண்டும்.

அன்று ஏரிக்கரையில் எங்கள் நால்வருள் ஒருவன், "போதும்" என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால், மணி மேலும் பல ஆண்டுகள் எங்கள் திண்ணையில் படுத்திருக்கும். நாங்கள் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்பதை அறியவும் இல்லை. நீங்கள் இப்போது அறிந்துவிட்டீர்கள். அடுத்த முறை உங்கள் நாய் நனைந்த உடம்போடு உங்கள் காலடியில் வந்து நின்று, உங்கள் கையைப் பார்க்கும்போது, கையிலுள்ள பொருளைப் பைக்குள் போட்டுவிட்டு அதன் தலையைத் தடவிக் கொடுங்கள். அது போதும் என்று சொல்லாது. நீங்கள் சொல்லுங்கள்.